வராத போனுக்குச் செய்த கவர்



2011ஆம் ஆண்டில் செல்பேசிக் கவர் தயாரிக்கும் சில நிறுவனங்கள் இன்னும் வெளிவராத ஒரு போனுக்கு அச்சு வெட்டின. ஐபோன் 5 என்று எல்லோரும் அதைக் குறிப்பிட்டார்கள். அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்கத் தொழில்நுட்பச் செய்தியாளர் ஜோஷுவா டோபோல்ஸ்கி அதன் வடிவத்தை விவரித்து எழுதியிருந்தார். மேல்முனை தடித்திருக்கும், கீழே வரவர மெலியும், பக்கவாட்டில் பார்த்தால் நீர்த்துளி போலத் தெரியும், திரை 3.7 அங்குலத்துக்கு விளிம்புவரை நீளும் என்றார். பிறகு அளவுகள் குறித்த வரைபடங்கள் உலவின. கவர்காரர்கள் துணிந்து பணம் போட்டார்கள். அக்டோபர் 4ஆம் தேதி ஆப்பிள் மேடையில் காட்டப்பட்டதோ ஐபோன் 4எஸ். வெளித்தோற்றத்தில் அது முந்தைய ஆண்டின் ஐபோன் 4 தான். அடுத்த ஆண்டு வந்த ஐபோன் 5-ம் தட்டையாகவே இருந்தது. உயரம் கூடியது. நீர்த்துளி வரவே இல்லை. கவர் இருந்தது, அதற்குள் போட போன் இல்லை.

கவர்காரர்களை விளையாட்டுக்கு ஊகிப்பவர்கள் என்று சொல்ல முடியாது. ஊகத்தின் மேல் சொந்தப் பணத்தை வைக்கிறவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களே ஏமாந்தார்கள் என்றால், ஒரு போனின் வடிவம் எங்கே, எதனால் தீர்மானமாகிறது என்பதை நாம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் அதுதான். வரப்போகும் போன் எப்படி இருக்கும் என்ற ஊகத்தை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஊகிப்பவர் எதைப் பார்த்து ஊகிக்கிறார் என்பதைக் கவனித்தால், ஒரு பொருள் உருவாகும் விதத்தையே கற்றுக்கொள்ளலாம். ஆசையைப் பார்த்து ஊகித்தவர்கள் பெரும்பாலும் தோற்றிருக்கிறார்கள். உலோகத்தையும் கண்ணாடியையும் பேட்டரியையும் பார்த்து ஊகித்தவர்கள் பெரும்பாலும் வென்றிருக்கிறார்கள்.

முதலில், தகவல் எப்படி வெளியே வருகிறது என்று பார்ப்போம். ஒரு கவர் சரியாகப் பொருந்த வேண்டுமானால் கேமரா துளையும் பொத்தான்களின் இடமும் மில்லிமீட்டரில் சிறு பங்குகூட பிசகக் கூடாது. எஃகில் அச்சு வெட்டிச் சோதித்து உற்பத்தி தொடங்க வாரக்கணக்கில் ஆகும். போன் அறிமுகமாகும் நாளிலேயே கடையில் கவர் தொங்கினால்தான் லாபம். எனவே போனின் அளவுகளை முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு பெரும் வணிகமே காத்திருக்கிறது. சீனத் தொழிற்சாலை வட்டாரங்களிலிருந்து வரைபடங்கள் கசிகின்றன. அவற்றை வைத்து அலுமினியத்தில் டம்மி போன்கள் கடைந்தெடுக்கப்படுகின்றன. அந்த டம்மிகளின் படங்களைத்தான் நாம் ‘லீக்’ என்ற பெயரில் பார்க்கிறோம். ஓன்லீக்ஸ் என்ற பெயரில் இயங்கும் பிரெஞ்சுக்காரர் ஸ்டீவ் ஹெமர்ஸ்டோஃபர் போன்றவர்கள் இந்த வரைபடங்களிலிருந்து முழு உருவத்தைக் கணினியில் எழுப்பிக் காட்டுகிறார்கள். சில நேரம் நிறுவனமே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். 2017இல் ஆப்பிள் வெளியிட்ட, ஹோம்பாட் ஒலிபெருக்கிக்கான மென்பொருளுக்குள், அதுவரை வெளிவராத ஐபோன் எக்ஸின் கோட்டுருவம் இருந்தது. மேலே திரையை வெட்டும் நாட்ச் என்ற கறுப்புப் பள்ளம் உட்பட எல்லாம் அந்தச் சிறு படத்தில் தெளிவாகத் தெரிந்தது.

அப்படியானால் வெளியே இருக்கிறவர்களுக்கு எல்லாமே தெரிந்துவிடுகிறதா? வடிவம் தெரிந்துவிடுகிறது. நடத்தை தெரிவதில்லை. இந்த வேறுபாடு முக்கியமானது என்பதால் இரண்டு சம்பவங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

2010 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில் ஒரு மதுவிடுதியில் ஆப்பிள் பொறியாளர் ஒருவர் ஒரு போனைத் தவறவிட்டார். பழைய ஐபோன் 3ஜிஎஸ் போலத் தோன்றும் கவருக்குள் அது ஒளிந்திருந்தது. உள்ளே இருந்தது ஐபோன் 4. கிஸ்மோடோ என்ற செய்தித்தளம் 5,000 டாலர் கொடுத்து அதை வாங்கி, ஏப்ரலில் பிரித்து உலகத்துக்கே காட்டிவிட்டது. இரு பக்கமும் கண்ணாடி, நடுவில் எஃகுப் பட்டை, பட்டையில் மெல்லிய இடைவெளிகள். ஜூன் 7ஆம் தேதி ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறியபோது பார்வையாளர்களுக்குப் புதிதாகக் காண அந்த வடிவத்தில் மிச்சம் இருக்கவில்லை. ஆனால் அந்த எஃகுப் பட்டைதான் ஆண்டெனா என்பதும், இடது கீழ்ப்புறத்தை உள்ளங்கை மூடினால் சிக்னல் விழுந்துவிடும் என்பதும் போன் மக்கள் கைக்குப் போன பிறகே தெரிந்தது. ஜூலை 16ஆம் தேதி ஆப்பிள் செய்தியாளர் கூட்டம் நடத்தி, வாங்கியவர்களுக்கு இலவசக் கவர் தருவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. ரகசியத்துக்காகச் சோதனைப் போன்களுக்குப் போட்ட கவரே கையையும் எஃகையும் பிரித்துவைத்துக் குறையை மறைத்திருக்கலாம் என்று அப்போதே பலர் சொன்னார்கள். எனக்கும் அது பொருத்தமான விளக்கமாகவே படுகிறது.

இரண்டாவது சம்பவம் 2022இல் நடந்தது. ஐபோன் 14 ப்ரோவில் நாட்ச் போய்விடும், அதற்குப் பதில் திரையின் மேற்புறத்தில் மாத்திரை வடிவில் ஒரு துளையும் பக்கத்தில் வட்டமாக ஒரு துளையும் வரும் என்று பல மாதங்களாக டம்மிகள் சொல்லிக்கொண்டிருந்தன. அளவுகள்கூட வெளியாகியிருந்தன. திரையின் நடுவில் இரண்டு ஓட்டைகளா என்று முகம் சுளித்தவர்கள் ஏராளம். இரண்டுக்கும் நடுவே உள்ள இடத்தைக் கறுப்பாக்கி ஒன்றாக்கிவிடுவார்கள் என்பதுவரை வெளியீட்டுக்குச் சில நாள்களுக்கு முன் செய்தி வந்தது. செப்டம்பர் 7ஆம் தேதி காட்டப்பட்டது அதற்கும் மேலே. அந்தக் கறுப்புப் பகுதி விரிந்தது, சுருங்கியது, ஓடும் பாட்டைக் காட்டியது, வரும் அழைப்பைக் காட்டியது. டைனமிக் ஐலண்ட் என்று பெயர் வைத்தார்கள். துளையின் அளவை மில்லிமீட்டரில் சொன்னவர்களுக்குத் துளை என்ன செய்யும் என்று சொல்ல முடியவில்லை. டம்மியில் உயிர் கிடையாது. ஊகத்தின் எல்லையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி, ஊகிப்பவர்களைக் கேலி செய்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 2007க்கு முன், ஆப்பிள் போன் செய்யப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது ரசிகர்கள் வரைந்த படங்களில் பெரும்பாலானவை ஆப்பிளின் பாட்டுக்கருவியான ஐபாடின் சுழல்வட்டத்தோடு கூடிய போன்கள். 2007 ஜனவரி 9ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோ மேடையில் ஜாப்ஸ், பழைய டயல் பொருத்திய ஒரு ஐபாட் படத்தை வேடிக்கைக்குக் காட்டிவிட்டுத்தான் உண்மையான போனைக் காட்டினார். கூட்டம் சிரித்தது. ஆனால் அதே நிறுவனத்துக்குள் டோனி ஃபாடெல் தலைமையில் ஒரு குழு, ஐபாடின் சுழல்வட்டத்தை வைத்தே ஒரு போன் செய்து பார்த்திருந்தது. எண்களை அழுத்துவது கடினமாக இருந்ததால்தான் அது கைவிடப்பட்டது. அதாவது வெளியே ரசிகர்கள் போட்ட தப்புக்கணக்கை உள்ளே பொறியாளர்களும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவர்களால் செய்து பார்த்துவிட்டு விட முடிந்தது. ரசிகர்களால் வரைய மட்டுமே முடிந்தது.

2012இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நீதிமன்றத்தில் ஆப்பிளும் சாம்சங்கும் மோதியபோது, நிறுவனத்துக்குள்ளும் ஊகித்துப் பார்க்கிறார்கள் என்ற உண்மைக்கு ஆவணச் சான்றே கிடைத்தது. ஆப்பிளின் கைவிடப்பட்ட மாதிரிகளின் படங்கள் அந்த வழக்கின் வழியாகப் பொதுவெளிக்கு வந்தன. வளைந்த கண்ணாடி உடையவை, மூலை வெட்டப்பட்டவை, சோனி நிறுவனத்தின் பாணியை நினைத்து வரையப்பட்டவை என்று பல. வடிவமைப்பாளர் கிறிஸ்டோஃபர் ஸ்ட்ரிங்கர் சாட்சியம் சொன்னபோது, பதினைந்து பதினாறு பேர் ஒரு சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து வடிவங்களைப் பேசி முடிவெடுப்பதாகக் கூறினார். அந்த மேசையிலும் நடப்பது ஊகம்தான். 2011இன் நீர்த்துளி வடிவம்கூட அப்படியொரு மேசையில் இருந்து பிறகு கைவிடப்பட்ட மாதிரியாக இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். அதை எழுதிய செய்தியாளர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. 2023இலும் இதுவே நடந்தது. ஐபோன் 15 ப்ரோவில் அசையாத, அழுத்தினால் அதிர்வு மட்டும் தரும் பொத்தான்கள் வரும் என்று ஆய்வாளர் மிங்-சி குவோ சொல்லியிருந்தார். பிறகு ஏப்ரலில் அவரே, தொழில்நுட்பச் சிக்கலால் அது கைவிடப்பட்டது என்றார். சொன்ன நாளில் சரியாக இருந்து, வெளியீட்டு நாளில் தவறாகிப்போகும் ஊகங்களும் உண்டு.

இப்போது, ஆசையைப் பார்த்து ஊகித்தால் என்ன ஆகும் என்பதற்கு வருகிறேன். இதில் மனிதர்களின் வேலையும் பணமும் சம்பந்தப்பட்டிருப்பதால் வேகமாகக் கடந்துபோக எனக்கு மனமில்லை.

2013 நவம்பரில் ஜிடி அட்வான்ஸ்டு டெக்னாலஜிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஆப்பிளுடன் ஓர் ஒப்பந்தம் போட்டது. ஆப்பிள் 57.8 கோடி டாலரை முன்பணமாகத் தரும். ஜிடி நிறுவனம் அரிசோனா மாநிலத்தின் மேசா நகரில் செயற்கை நீலக்கல் பளிங்கு வளர்த்துத் தரும். நீலக்கல் என்றால் அலுமினியம் ஆக்சைடின் படிகம். இரண்டாயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்கி, உலையில் நாள்கணக்கில் மெதுவாக வளர்க்க வேண்டும். கடினத்தன்மையில் வைரத்துக்கு நெருங்கிய இடம். சாவி, மணல் எதுவும் கீற முடியாது. ஏற்கெனவே ஐபோன் 5எஸ்ஸின் கைரேகைப் பொத்தானும் கேமரா மூடியும் நீலக்கல்லால் ஆனவைதான். ஆகவே அடுத்து வரும் ஐபோன் 6இன் திரையே நீலக்கல்லாக இருக்கும் என்ற நம்பிக்கை காட்டுத்தீயாகப் பரவியது. கீறல் விழாத திரை யாருக்குத்தான் வேண்டாம்? 2014 ஜூலையில் மார்கெஸ் பிரவுன்லீ என்ற இளைஞர் அந்தப் போனின் முன்புறக் கண்ணாடி என்று கிடைத்ததைக் கத்தியால் குத்தியும் வளைத்தும் காட்டிய காணொளியை உலகமே பார்த்தது. சில நாள் கழித்து அவரே மணல்தாளால் தேய்த்துப் பார்த்தார், கீறல் விழுந்தது. ஆனால் அதற்குள் நம்பிக்கை வேரூன்றிவிட்டது.

பொருளைப் பார்த்து யோசித்தவர்கள் அன்றே தயங்கியிருப்பார்கள். கடினமானது எல்லாம் உறுதியானதாக இருக்க வேண்டும் என்பதில்லை. நீலக்கல்லைக் கீற முடியாது. ஆனால் வளைந்து கொடுக்காது, கீழே விழுந்தால் நொறுங்கும். சாதாரணக் கண்ணாடியைவிட ஒன்றரை மடங்கு எடை. ஒளியை அதிகமாகப் பிரதிபலிப்பதால் வெயிலில் திரை மங்கும். விலையோ பல மடங்கு. பெரிய திரை, மெல்லிய உடல் என்ற திசையில் போய்க்கொண்டிருந்த ஒரு போனுக்கு இந்தப் பொருள் ஒத்துவருமா என்று கேட்டவர்கள் குறைவு. 2014 செப்டம்பர் 9ஆம் தேதி வந்த ஐபோன் 6இன் திரை கண்ணாடிதான். அன்றே ஜிடி நிறுவனத்தின் பங்கு சரிந்தது. அக்டோபர் 6ஆம் தேதி அது திவால் மனு போட்டது. மேசாவில் வேலை பார்த்த நூற்றுக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். அந்த ஒப்பந்தத்தின் ரகசியத்தை வெளியிட்டால் ஒவ்வொரு முறைக்கும் 5 கோடி டாலர் அபராதம் என்ற விதி இருந்தது திவால் வழக்கில்தான் வெளியே தெரிந்தது. ரகசியத்துக்கு அவ்வளவு பெரிய விலை வைத்திருந்தார்கள். அந்த ரகசியம் விட்டுவைத்த வெற்றிடத்தை ஆசை நிரப்பியது.

இதே கண்ணோட்டத்தில் ரசிகர்கள் வரையும் கற்பனைப் படங்களைப் பாருங்கள். அவற்றில் கேமரா பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்பது குறைவு. ஆனால் 2014 முதல் ஐபோனின் கேமரா பெரும்பாலும் துருத்திக்கொண்டேதான் வருகிறது, காலப்போக்கில் கூடுதலாகவும் வருகிறது. வில்லைக்கும் ஒளியுணரிக்கும் இடையே தூரம் வேண்டும். ஒளியுணரி பெரிதானால் தூரமும் கூடும். அதை யாருடைய ரசனையாலும் குறைக்க முடியாது. முழு உலோகப் பின்புறம் போய்க் கண்ணாடி வந்ததற்கும் காரணம் உண்டு: வயரில்லாமல் சார்ஜ் ஏற உலோகம் இடம் கொடுக்காது.

மடக்கு போனுக்கு வருவோம். நோக்கியா 2008இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து மார்ஃப் என்ற வளையும் போன் கற்பனையை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வைத்தது. சாம்சங் 2013 ஜனவரியில் வளையும் திரையை மேடையில் காட்டியது. 2019 ஏப்ரலில் அதன் மடக்கு போனான கேலக்ஸி ஃபோல்டு செய்தியாளர்கள் கைக்குப் போனபோது சில போன்களின் திரை ஓரிரு நாளிலேயே பழுதானது. வெளியீடு செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. கற்பனைக்கும் கைப்பொருளுக்கும் இடையே பதினொரு ஆண்டுகள். ஆப்பிளின் மடக்கு போன் பற்றி 2025 மார்ச்சில் குவோ சொன்ன கணிப்பில் எனக்குப் பிடித்தது ஒன்றுண்டு. உள்திரை 7.8 அங்குலம், வெளித்திரை 5.5 அங்குலம் என்பதோடு, முகத்தை அறியும் கருவிக்குப் பதிலாகப் பக்கவாட்டுப் பொத்தானில் கைரேகை திரும்பி வரும் என்றார். விரித்தால் 4.5 மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்துவிடும் உடலில் அந்த முகக் கருவிக்கு இடமிருக்காது என்பது அவர் சொன்ன காரணம். எண்கள் மாறலாம். காரணத்தோடு வரும் ஊகத்தை நான் மதிக்கிறேன். அப்படி யோசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மாணவர்களிடம் சொல்லவே இதைக் குறிப்பிட்டேன்.

இதுவரை தொழிற்சாலையையும் பொருளையும் பார்த்தோம். இவற்றைவிடத் துல்லியமாக ஒரு போனின் வடிவத்தை முன்கூட்டியே சொன்ன இன்னொன்று உண்டு. அது சட்டம்.

ஐபோனில் எப்போது யூஎஸ்பி-சி சார்ஜ் துளை வரும் என்பது பல ஆண்டு விவாதம். 2021 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் ஸ்மார்ட்போன் உள்ளிட்ட பல கையடக்கக் கருவிகளுக்கு ஒரே துளை என்ற முன்மொழிவை வைத்தது. 2022 அக்டோபர் 4ஆம் தேதி ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 602 பேர் ஆதரித்தார்கள், 13 பேர் எதிர்த்தார்கள். 2024 டிசம்பர் 28 முதல் கட்டாயம் என்று நாளும் குறித்தார்கள். அதன் பிறகு ஊகத்துக்கு இடமே இல்லை. 2023 செப்டம்பரில் ஐபோன் 15 அந்தத் துளையோடு வந்தது. எந்த லீக்கும் தேவைப்படவில்லை. அரசிதழைப் படிக்கத் தெரிந்திருந்தால் போதும். 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பாவில் விற்கும் ஸ்மார்ட்போனின் பேட்டரி 800 முறை சார்ஜ் ஆன பிறகும் 80 விழுக்காடு திறனோடு இருக்க வேண்டும். அந்த மாடல் விற்பனையிலிருந்து நின்ற பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு உதிரிபாகம் கிடைக்க வேண்டும். 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் தவிர, பயன்படுத்துபவரே பேட்டரியைக் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்றும் விதி வருகிறது. இந்தச் சட்டங்கள் உருவான அதே காலத்தில், 2024இல் வந்த ஐபோன் 16இல் ஒரு புதிய பசை வந்தது. ஒன்பது வோல்ட் மின்சாரம் கொடுத்தால் பேட்டரி தானே பிடிவிடும். எந்தக் கற்பனைப் படத்திலும் அந்தப் பசையை யாரும் வரைந்ததில்லை. என்னைக் கேட்டால், அந்த ஆண்டின் மிக நல்ல வடிவமைப்பு அதுதான்.

என் ஆதங்கம் இங்கேதான். நாம் நிறத்தை ஊகிக்கிறோம், கேமராவின் எண்ணிக்கையை ஊகிக்கிறோம். இரண்டாவது ஆண்டு முடிவில் பேட்டரி தளரும்போது அந்தப் போன் எப்படித் திறக்கும் என்பதை யாரும் ஊகிப்பதில்லை. இத்தனைக்கும் இந்தப் போன்கள் நமக்கு அந்நியப் பொருள் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் ஒன்றுசேர்க்கப்படுகின்றன. ஓசூர்ப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் அவற்றின் உடற்கூட்டைத் தயாரிக்கிறது. முன்பெல்லாம் சீனாவில் வெளிவந்து மாதங்கள் கழித்து இங்கே செய்யப்பட்ட மாடல்கள் இப்போது அறிமுக நாளுக்கு முன்பே இங்கே உருவாகின்றன. உலகம் ஊகித்துக்கொண்டிருக்கும் வடிவத்தை நம் மாநிலத்துப் பெண்பிள்ளைகள் தினமும் கையில் ஏந்துகிறார்கள். அந்த வடிவத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் நம் குரல் இன்னும் கேட்கவில்லை.

பிரான்ஸில் 2021 ஜனவரி முதல் 2025 வரை ஒவ்வொரு ஸ்மார்ட்போனின் விலைச்சீட்டுக்குப் பக்கத்திலும், அதைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. இந்தியாவிலும் அப்படியொரு குறியீடு வேண்டும் என்று ஆராய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு அமைத்தது. 2025இல் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. அறிக்கை சட்டமாக வேண்டுமானால் கேட்கிறவர்கள் வேண்டும்.

மாணவ நண்பர்களே, அடுத்த போனைப் பற்றித் தாராளமாக ஊகியுங்கள். படம் வரையுங்கள், வாதாடுங்கள். ஆனால் வாங்கப் போகும் கடையில், இதன் பேட்டரியை மாற்ற என்ன செலவாகும், உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். அந்தக் குழுவின் அறிக்கையை எப்போது சட்டமாக்கப் போகிறீர்கள் என்று நுகர்வோர் விவகாரத் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள். ஒரு வகுப்பில் அறுபது பேர் இருந்தால் அறுபது கடிதமாகப் போகட்டும்.